மீன்படகிற்கு ஏற்ற இயந்திர வலி

மிகுதியாயிருப்பதெல்லாம் மேன்மையுடையதே என்று கருதுதல் மக்களின் இயல்பு. ஆயினும் தத்தம் தொழிலில் தேர்ந்தோர் அங்ஙனம் கருதார். பசுமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் உழவன் ஒருவன் தன் கிணற்றுக்குப் பம்புசெட்டு வாங்கப் புகும்பொழுது, கடையிலுள்ளவற்றுள் பெரியது எது என்று கேட்பதில்லை. கிணறு எத்தனை அடி ஆழம், கோடையில் ஊற்று எவ்வளவு வரும், நீர் பாயவேண்டிய நிலம் எத்துணை என்பவற்றை முதலிற் பார்க்கின்றான். இரவெல்லாம் ஊறிய நீரை அரைமணி நேரத்தில் உறிஞ்சிவிட்டுப் பின்பு வறிதே நிற்கும் இயந்திரத்தாற் பயிருக்குப் பயனில்லை என்பதை அவன் அறிவான். கமலை கட்டி இறைத்த காலத்தும் மாட்டின் வலிவுக்கும் சாலின் அளவுக்கும் பொருத்தம் பார்த்தே தொழில் நடைபெற்றது.

நிலத்திற்குரிய இந்நெறி நீருக்கும் உரியதாகும். மீன்படகின் பின்புறத்தே பொருத்தும் இயந்திரம் எவ்வளவு வலியுடையதாயிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள். கடலினின்று ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் விலகியிருக்கும் நமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். மதுரைச் சந்தைக்கு வரும் மீன் இராமேசுவரத்தினின்றும் தூத்துக்குடியினின்றும் வருகின்றது. நம் வைகையும் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நிரப்பி அப்பாற் பாக் நீரிணையையே நோக்கிச் செல்கின்றது. வகுப்பில் நெய்தல் திணையைக் கற்குங்கால் திமில் என்றும் அம்பி என்றும் தோணி என்றும் பொருளுரைத்துச் செல்லும் நாம், அவற்றின் வழிவந்த படகுகள் இன்று எவ்வாறு இயங்குகின்றன என்பதையும் ஒருவாறு அறிந்திருத்தல் நன்று. நம் ஆண்டவர் முதற்கண் அழைத்த சீஷருள் நால்வர் வலையோடும் படகோடும் வாழ்ந்தவர் என்பதும் நாம் மறக்கத்தக்கதன்று. இவையெல்லாவற்றினும் மேலாக, இயந்திரத்தின் அளவு பிழைபடின் மீனவர் குடும்பம் ஒன்று பல ஆண்டு கடனில் ஆழும். சிலவேளை உயிருக்கும் இடர் நேரும்.

இயந்திரம் வந்த வழி

படகின் உள்ளே அடித்தளத்தில் நிலையாக அமைக்கப்படும் இயந்திரம் ஒருவகை. படகின் வெளிப்புறத்தே திருகாணியால் இறுக்கி, வேண்டும்பொழுது கழற்றித் தோளிற் சுமந்து வீட்டிற்குக் கொண்டு செல்லத்தக்கது மற்றொருவகை. பின்னதையே ‘அவுட்போர்டு’ என வழங்குகின்றனர். அரசாங்க ஏடுகளில் ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என எழுதுவர். மேலே இயந்திரமும், நடுவே நெடிய காலொன்றனுள் செங்குத்தாக இறங்கும் தண்டும், அடியிற் பற்சக்கரமும், அதனோடு இணைந்த சுழல்விசிறியும் ஆகிய இவையே இதன் உறுப்புக்கள். கைப்பிடியைத் திருப்பினால் இயந்திரம் முழுவதும் திரும்புமாதலின் இதற்குத் தனியே சுக்கான் வேண்டுவதில்லை. ஆழமற்ற இடத்திற் காலை மேலே தூக்கிக்கொள்ளலாம். மணற்கரையிற் படகை ஏற்றியிறக்கும் நம் மீனவருக்கு இவ்விரு வசதிகளும் பெரிதும் உதவுவன.

நார்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலி எவின்ரூட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் இத்தகைய இயந்திரங்களை விற்கத் தொடங்கினார். இவருக்கு முன்னரும் சிலர் முயன்றதுண்டு. எனினும் இக்கருவி பலர் கைக்கும் எட்டும்படி பரவியது இவர் காலத்திலேயாம். அவர் பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. இவ்வரலாற்றில் நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. ஏரிகளிற் பொழுதுபோக்காகச் செல்லும் இலேசான படகுகளை விரைந்து செலுத்தும் பொருட்டே இக்கருவி முதலில் வளர்க்கப்பட்டது. வலையும் பனிக்கட்டியும் மீனும் ஏற்றிய பாரப்படகைத் தள்ளுதல் அதனின் வேறான தொழில். இவ்வேறுபாட்டை மறந்து வாங்குதலே பிழைகள் பலவற்றிற்கு மூலமாகும்.

நம் நாட்டில் மீன்படகுகளை இயந்திரப்படுத்தும் பெருமுயற்சி 1952-இல் கையெழுத்தான இந்திய நார்வே உடன்படிக்கையால் தொடங்கிற்று. கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் அத்திட்டத்தார் பணி செய்தனர். முதலில் அவ்வூர் மரக்கலங்களிலேயே இயந்திரம் பொருத்த எண்ணினர். துடுப்பிற்கும் பாய்க்கும் என அமைந்த அக்கலங்கள் இயந்திரத்திற்கு இசையாமையால், புதிய படகுகளை வரைந்து கட்டத் தலைப்பட்டனர். இயந்திரத்தைத் தனியேயும் படகைத் தனியேயும் எண்ணுதல் கூடாது என்னும் பாடம் அப்பொழுதே புலனாயிற்று.

பின்னர் 1979-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தார் சென்னையை நடுவாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கி, அலையடிக்கும் மணற்கரையில் ஏறியிறங்கத்தக்க சிறுபடகுகளையும், எரிபொருட் செலவைக் குறைக்கும் வழிகளையும் ஆராய்ந்தனர். 1980-களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகையாற் படகு கட்டும் தொழில் வளர்ந்தது. அக்காலந்தொட்டே தென்கரையெங்கும் வெளிப்பொருத்தும் இயந்திரம் விரைவாய்ப் பரவிற்று. 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப்பின், இழந்த மரக்கலங்களுக்கு ஈடாகப் பைபர் படகுகளும் இயந்திரங்களும் மிகுதியாக வழங்கப்பட்டன. தமிழ்நாட்டின் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையில் இன்று துடுப்பொன்றையே நம்பும் படகு அரிதாயிற்று. ஆகவே, இயந்திரம் வேண்டுமா என்பதன்று இன்றைய வினா. எவ்வளவு வலியுடையது வேண்டும் என்பதே வினா.

படகும் அதன் அலையும்

இவ்வினாவிற்கு விடை காணப் புகுமுன் நீரின் இயல்பு ஒன்றை அறிதல் இன்றியமையாதது. படகு நீரைப் பிளந்து செல்லுங்கால் முன்புறத்தே ஓர் அலை எழும்பும். வேகம் மிகுந்தோறும் அவ்வலையின் ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் உள்ள இடைவெளி நீளும். ஒரு கட்டத்தில் அவ்விடைவெளி படகின் நீளத்திற்குச் சமமாகிவிடும். அப்பொழுது படகின் முகம் ஒரு முகட்டின்மேலும், பின்புறம் அடுத்த முகட்டின்மேலும் நிற்கும். அதற்குமேலும் விரைய முயன்றால் பின்புறம் பள்ளத்தில் தாழ, முகம் மேல்நோக்கி நிற்கும். படகு தானே எழுப்பிய அலையாகிய மேட்டின்மேல் ஏறும் வண்டிபோலாகும். அதன்பின் எத்துணை வலியைக் கூட்டினும் பெரும்பாலும் அலையே பெரிதாகுமன்றி வேகம் பெரிதாகாது.

வில்லியம் பிரௌடு என்னும் ஆங்கிலப் பொறியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், தொட்டியிற் சிறிய மாதிரிக்கப்பல்களை இழுத்துப்பார்த்து இத்தடையின் இயல்பை விளக்கினார். அவ்வழியே பெறப்படும் எளிய கணக்கு வருமாறு: படகு நீரைத் தொட்டுநிற்கும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆற் பெருக்கினால், அப்படகு வருத்தமின்றிச் செல்லத்தக்க வேகத்தின் எல்லை மணிக்கு இத்தனை கடல்மைல் எனக் கிடைக்கும். ஒரு கடல்மைல் என்பது 1,852 மீட்டர். இக்கணக்கின்படி 16 அடிக்கு 5.4 கடல்மைலும், 20 அடிக்கு 6 கடல்மைலும், 25 அடிக்கு 6.7 கடல்மைலும், 30 அடிக்கு 7.3 கடல்மைலும் எல்லையாம். நீளம் ஏறத்தாழ இருமடங்காகியும் வேகம் இரண்டு கடல்மைலளவே கூடியமை காண்க.

இலேசாயும் அடி தட்டையாயும் உள்ள பைபர் படகு, பாரமின்றிச் செல்லுங்கால் நீரின்மேல் எழுந்து சறுக்கி இவ்வெல்லையைக் கடத்தலும் உண்டு. ஒடுங்கி நீண்ட கலமும் ஓரளவு கடக்கும். ஆயின் வலையும் ஆளும் பனிக்கட்டியும் ஏறியபின் அப்படகும் நீரில் அமிழ்ந்தே செல்லுமாதலின், கடையில் வெறும்படகை ஓட்டிக் காட்டும் வேகத்தை நம்பி வலியை முடிவு செய்தல் தகாது.

இன்னுமொரு கணக்குண்டு. படகைச் செலுத்த வேண்டும் வலி வேகத்தின் முப்படியை ஒட்டி உயர்வது. வேகத்தை இருமடங்காக்க விரும்பின் வலியை எண்மடங்காக்க வேண்டும். இதனை மறுதலையாகப் பார்த்தால் ஓர் ஊதியம் புலப்படும். வேகத்திற் பத்தில் ஒருபங்கைக் குறைத்தால் 0.9 என்பதன் முப்படி 0.729 ஆதலின், வேண்டும் வலி நூற்றுக்கு 27 பங்கு குறையும். பயணநேரம் சற்றே நீளுதலையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே தொலைவிற்குச் செலவாகும் எரிபொருள் நூற்றுக்கு 19 பங்கு மிச்சமாகும். கைப்பிடியைச் சிறிது தளர்த்துவதனாலேயே கிடைக்கும் ஊதியம் இது.

ஒரு மாதிரிக் கணக்கு

கூறியவற்றை எண்ணால் விளக்குவாம். நீரைத் தொடும் நீளம் 25 அடியுள்ள பைபர் படகொன்று உளதாகக் கொள்வோம். வெறும்படகு 800 கிலோ, வலை 300, நால்வர் 240, பனிக்கட்டி 150, இயந்திரமும் எரிபொருளும் 100, திரும்புங்கால் மீன் 400. ஆகக் கூடிய எடை 1,990 கிலோ. இதனை 2 டன் எனலாம். இவ்வாறு அமிழ்ந்து மெல்லச் செல்லும் படகிற்கு டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 குதிரைச் சக்தி போதும் என்பது கைக்கணக்கு. அதன்படி 10 குதிரைச் சக்தி வேண்டும். விற்பனையில் 9.9 எனக் குறிக்கப்படும் இயந்திரம் இதற்கு ஏற்றதாம்.

மீன்பிடிக்கும் இடம் கரையினின்று 10 கடல்மைல் தொலைவு. போகவர 20 கடல்மைல். பத்துக் குதிரைச் சக்தியுள்ள இயந்திரம் இப்படகை மணிக்கு 6 கடல்மைல் செலுத்துவதாகக் கொண்டால், பயணநேரம் 3 மணி 20 நிமிடம். இருவீச்சு இயந்திரம் முழுவலியில் ஓடுங்கால் ஒரு குதிரைச் சக்திக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எரிபொருள் கொள்ளும். ஆகவே மணிக்கு 5 லிட்டராகப் போகவர 17 லிட்டர் செலவாம்.

இனி அதே படகில் 25 குதிரைச் சக்தியுள்ள இயந்திரத்தைப் பொருத்துவோம். அலையின் எல்லை 6.7 ஆதலின், அதனைச் சற்றே கடந்து 7 கடல்மைல் வேகம் பெறுவதாகக் கொள்வோம். பயணநேரம் 2 மணி 51 நிமிடம். செலவு மணிக்கு 12.5 லிட்டராக ஏறத்தாழ 36 லிட்டர். பெற்றது 29 நிமிடம். இழந்தது 19 லிட்டர். இவ்விழப்பு ஒருநாளைக்கு உரியது. ஆண்டில் 200 நாள் கடல்மேற் சென்றால் 3,800 லிட்டராகும். இயந்திரத்தின் விலைமிகுதியும் அதன் வட்டியும் இதனிற் சேர்ந்தில. இவ்வெண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கொண்டவை, படகுதோறும் மாறுவன. ஆயினும் கணக்கின் போக்கு மாறாது.

நால்வகை வலி

திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில், செய்யப்புகும் தொழில், செய்வோன், எதிர்ப்போன், துணைநிற்போன் ஆகிய நான்கின் வலிமையையும் சீர்தூக்கியே செயலில் இறங்குக என அறிவுறுத்துகின்றார். மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றின் வண்டியின் அச்சு முரியும் என்னும் உவமையும் அவ்வதிகாரத்தில் உள்ளதே. அரசர்க்கென வகுத்த இந்நெறி, இயந்திரம் வாங்கும் மீனவர்க்கும் நன்கு பொருந்துகின்றது.

முதலாவது, தொழிலின் வலி. கரையோரத்தில் நண்டுவலையும் சூடைவலையும் விடுவோர்க்குத் தொலைவு சிறிது; வலையை விட்டபின் படகு நெடுநேரம் நின்றே கிடக்கும். இவர்க்குச் சிறிய இயந்திரமே சாலும். தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டுக் கரையோரக் கடல் நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கப்பட்டமையின், நாட்டுப்படகினர் பலருடைய தொழில் கரைக்கு அண்மையிலேயே அமைகின்றது. விரைந்தோடும் மீன்கூட்டத்தை வளைத்து வலைபோடுவோர்க்கோ வேகமே தொழிலின் உயிர். மிகத் தொலைவு சென்று தூண்டில் இடுவோர்க்கும், ஏலநேரத்திற்குள் கரைசேர வேண்டுவோர்க்கும் ஓரளவு மிகுந்த வலி தகும். ஏலம் முடிந்தபின் வரும் மீன் விலை குறையுமாதலின், அரைமணி நேரம் எவ்வளவு பொருள் தருகின்றது என்பதை அவரவர் துறையிற் கேட்டறிந்து, எரிபொருட் செலவோடு ஒப்பிட்டுத் துணிதல் வேண்டும்.

இரண்டாவது, தன் வலி. இது படகின் வலியும் பணப்பையின் வலியும் என இருதிறப்படும். 9.9 குதிரைச் சக்தியுள்ள இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 35 முதல் 40 கிலோ. 40 குதிரைச் சக்தியுள்ளது 70 கிலோவிற்கும் மேல். பின்புறத்தில் இவ்வெடை தொங்குங்கால் படகின் முகம் எழும்பும். பின்பலகை வலுவற்றதாயின் அதிர்ச்சியால் விரிசல் காணும். அலை பின்னிருந்து ஏறும். கட்டுமரத்திலோ கயிற்றாற் கட்டிய மரங்களே உடலாதலின் பெரிய இயந்திரத்தின் உதைப்பை அது தாங்காது. பணப்பையைப்பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

மூன்றாவது, மாற்றானாகிய கடலின் வலி. கடல் எங்கும் ஒருதன்மையதன்று. பாக் நீரிணை ஆழமற்றது. கடற்புல்லும் பாசியும் சுழல்விசிறியிற் சுற்றிக்கொள்ளும். அங்கே பெரிய விசிறி துன்பமே தரும். தடை நேருங்கால் தானே முறிந்து பற்சக்கரத்தைக் காக்கும் சிறு ஊசி ஒன்றிரண்டைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். பாம்பன் வாய்க்காலில் நீரோட்டம் கடுமையானது. 6 கடல்மைல் வேகமுள்ள படகு, எதிரே 2 கடல்மைல் நீரோட்டம் வரின் உண்மையில் 4 கடல்மைலே செல்லும். 10 கடல்மைலைக் கடக்க 1 மணி 40 நிமிடத்திற்கு மாறாக 2 மணி 30 நிமிடம் ஆகும். கன்னியாகுமரிக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் வெள்ளலையைக் கடந்து செல்லுங்கால், ஓரலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே படகை உந்தித் தள்ளும் திடீர்வலி வேண்டும். இத்தகைய துறைகளில் கணக்கிற் கண்டதினும் சிறிது மிகுதியாகக் கொள்ளுதல் தகும். நாலில் ஒருபங்கு மிகுதி வேறு. நான்மடங்கு மிகுதி வேறு.

நான்காவது, துணையின் வலி. கொண்டலும் கச்சானும் வாடையும் சோழகமும் எனக் காற்றுக்குப் பெயரிட்டுப் பழகிய நம் மீனவர்க்குப் பாய் ஒரு பழந்துணை. காற்று இசையுங்காற் பாய் விரித்து இயந்திரத்தை ஓய்த்தல் எரிபொருளை மிச்சப்படுத்தும். இயந்திரம் பழுதாயின் உயிரையும் காக்கும். துடுப்பும் அவ்வாறே. ஊரிற் பழுதுபார்ப்போர் எந்த இயந்திரத்தை நன்கறிவர், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பனவும் துணைவலியின்பாற் படும். ஊரெல்லாம் ஒருவகை இயந்திரம் வைத்திருக்கத் தான்மட்டும் வேறொன்றை வாங்கியவன், சிறு உறுப்பொன்றிற்காகப் பல நாள் கரையில் அமர்ந்திருக்க நேரும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரமாயின், ஏட்டிற் கண்ட குதிரைச் சக்தி பெட்ரோலுக்கு உரியதா மண்ணெண்ணெய்க்கு உரியதா என வினவுதல் வேண்டும். மண்ணெண்ணெயில் வலி சற்றுக் குறையும். டீசல் இயந்திரம் விலையும் எடையும் மிக்கது. ஆயின் ஒரு குதிரைச் சக்திக்கு மணிக்குக் கால் லிட்டரளவே கொள்ளும். நாடோறும் நெடுநேரம் ஓடும் படகிற்கு இதுவே முடிவிற் சிக்கனமாகலாம்.

சுழல்விசிறியின் பொருத்தம்

வலியைச் சரியாகக் கொண்டும் பயனடையாதோர் பலர். அதற்குக் காரணம் விசிறியின் பொருத்தமின்மை. விசிறி ஒருமுறை சுழலுங்கால், திருகாணி மரத்திற் செல்வதுபோல, இத்தனை அங்குலம் முன்செல்ல வேண்டும் என ஓர் அளவு உண்டு. இதனைப் ‘பிட்ச்’ என்பர். இலேசான படகிற்கு இவ்வளவு மிக்கதாயும், பாரப்படகிற்குக் குறைந்ததாயும் இருத்தல் வேண்டும். பாரவண்டி மேட்டில் ஏறுங்காற் கீழ்க்கியரில் ஏறுதல் போன்றது இது.

பொருத்தம் அறியும் வழி எளிது. வழக்கமான பாரம் ஏற்றிக் கைப்பிடியை முழுதும் திறந்து ஓட்டுக. இயந்திரம் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழலவேண்டும் என்று அதனைச் செய்தோர் குறித்திருப்பர். அவ்வளவை எட்டாது திணறினால் விசிறியின் பிட்ச் மிகுதி. அவ்வளவைக் கடந்து அலறினால் பிட்ச் குறைவு. திணறும் இயந்திரம் புகை கக்கும், எரிபொருளை வீணாக்கும், விரைவில் தேயும். இதனைக் கண்டவர் ‘இயந்திரம் போதவில்லை’ என்று பெரியதை வாங்கப் புறப்படுவர். விசிறியை மாற்றினாற் போதும் என்பதை அறியார்.

இயந்திரத்தின் காலும் பின்பலகையின் உயரத்திற்கு இசைதல் வேண்டும். 15 அங்குலம் உயர்ந்த பலகைக்குக் குறுங்காலும், 20 அங்குலப் பலகைக்கு நெடுங்காலும் உரியன. விசிறிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடித்தளத்தோடு ஒத்து, அல்லது ஓரங்குலம் தாழ்ந்து நிற்றல் முறை. மேலேறி நின்றால் விசிறி காற்றை உறிஞ்சிச் சுழலும். மிகத் தாழ்ந்தால் நீரின் தடை மிகும்.

போட்டியும் கடனும்

இத்துணைக் கணக்கும் எளியதாயிருக்க, மீனவர் பெரிய இயந்திரத்தை நாடுவது ஏன்? அறியாமையென்று கூறிவிடுதல் நேர்மையன்று. கடலின் மீன் ஒருவர்க்கு உரியதன்று, முந்தினோர்க்கு உரியது. பக்கத்துப் படகு விரைந்து சென்று முதலில் வலைபோட்டால், பின்வருவோர்க்கு எஞ்சுவது குறைவு. ஆகவே ஒருவர் வலியைக் கூட்டினால் மற்றவரும் கூட்டுகின்றனர். எல்லோரும் கூட்டியபின் முந்துவோர் ஒருவருமிலர். கடலின் மீனும் பெருகுவதில்லை. செலவு மட்டும் எல்லோர்க்கும் ஏறிநிற்கின்றது. கேரளக் கரையில் 1980-களின் நடுவே சுற்றுவலை பரவியபின், சிறிய இயந்திரத்தோடு தொடங்கியவர்கள் 25, 40 குதிரைச் சக்தி என உயர்ந்து, ஒரே படகில் இரண்டு மூன்று இயந்திரங்களைப் பூட்டும் நிலைக்கு வந்தமை இதற்குச் சான்றாகும்.

இயந்திரத்தின் விலையை ஒருங்கே தரவல்ல மீனவர் சிலரே. வியாபாரியிடம் முன்பணம் வாங்குவோர், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்கக் கட்டுப்படுகின்றனர். கடன் தீருமுன் இயந்திரம் தேய்கின்றது. அடுத்ததற்கும் அவரையே நாடுகின்றனர். இக்கட்டினின்று விடுபடவே மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980-இல் தோன்றித் திருவனந்தபுரத்தை நடுவாகக் கொண்டு இத்துறையிற் பணிபுரிந்து வருகின்றது. ஆயினும் வேண்டாத வலிக்காக வாங்கிய கடனை எச்சங்கமும் இனிதாக்க இயலாது. கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா எழுதின சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய உவமை இவ்விடத்து நினைக்கத்தக்கது.

‘பெரிய இயந்திரம் புயலினின்று காக்குமன்றோ?’ எனின், அதுவும் முற்றும் பொருந்தாது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் உயிரிழந்தனர். புயலை ஓடி வெல்லும் வலி எச்சிறுபடகிற்கும் இல்லை. காலத்தே வரும் எச்சரிக்கையும், அதனைக் கேட்கும் கருவியும், மிதவைச் சட்டையும், போதிய எரிபொருளுமே காப்பாவன. எரிபொருளை மூன்று கூறாக்கிப் போக ஒன்றும், வர ஒன்றும், இடருக்கென ஒன்றும் வைத்தல் நன்னெறி. 36 லிட்டர் குடிக்கும் இயந்திரத்திற்கு இவ்விருப்பு 18 லிட்டர். 17 லிட்டர் குடிப்பதற்கு 9 லிட்டருக்கும் குறைவே. பெரிய இயந்திரம் ஒன்றினும் சிறியவை இரண்டு பாதுகாப்புடையன என்பதும் உண்மை. ஒன்று நின்றால் மற்றொன்று கரைசேர்க்கும்.

தொகுப்புரை

கூறியவற்றைச் சுருங்கத் தொகுப்பாம். இயந்திரம் வாங்கப் புகுவோர், படகு நீரைத் தொடும் நீளத்தை அளந்து அதன் வேக எல்லையை அறிக. முழுப்பாரத்தையும் டன்னிற் கணக்கிட்டு, டன்னுக்கு ஐந்து குதிரைச் சக்தி எனத் தொடங்குக. வெள்ளலையும் நீரோட்டமும் உள்ள துறையாயின் சிறிது கூட்டுக. மீன்கூட்டத்தைத் துரத்தும் தொழிலாயின் தனியே எண்ணுக. விசிறியையும் காலையும் பொருத்தம் பார்க்க. ஊரிற் பழுதுபார்க்கத் தக்கதையே கொள்க. பாயையும் துடுப்பையும் கைவிடாதிருக்க. அதன்பின் ஓராண்டுச் செலவையும் ஓராண்டு வருவாயையும் எதிரெதிரே எழுதிப் பார்த்து, எஞ்சுவது குடும்பத்திற்குப் போதுமாயின் மட்டும் பணத்தை எடுக்க.

இக்கணக்கிற்கு நான்காம் வகுப்புப் பெருக்கலும் ஒரு வர்க்கமூலமுமே வேண்டும். கடலோர ஊர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் நண்பர்கள், விடுமுறையில் தம் ஊர் செல்லுங்கால் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு தம் தந்தையரோடும் தமையன்மாரோடும் அமர்ந்து இதனைப் போட்டுப் பார்ப்பாராக. கடலின் குணத்தை அவர்கள் நமக்குக் கற்பிப்பர். எண்ணின் குணத்தை நாம் அவர்கட்குக் காட்டலாம். படகின் அளவறிந்து கொண்ட சிறிய இயந்திரம் நாடோறும் ஓடி, மாலையில் வீட்டிற்குச் சிறிதேனும் பொருள் கொண்டுவரும். அளவிறந்து கொண்ட பெரிய இயந்திரமோ, ஈட்டியதையெல்லாம் தானே உண்டுவிடும்.